முழங்காலில் வைத்த கை

பொய் சொல்லாத நோயாளியை நான் இதுவரை பார்த்ததில்லை. பயிற்சியைத் தினமும் செய்கிறேன் என்பார்கள், செய்திருக்க மாட்டார்கள். வலிக்கவில்லை என்பார்கள், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் வாய் சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டு, தசை சொல்வதைக் கையால் கேட்பது என் வழக்கம். மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருக்கும் பிசியோதெரபி அறை என்னுடையது. உயரமான ஒரு கட்டில், பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி, ஒரு பக்கம் மட்டும் திரும்பும் மின்விசிறி. மாடியில் இருக்கும் டாக்டர்கள் எங்களைக் கை கால் ஆட்டிவிடுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

சலூன்காரர் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் கழித்துதான் என்னிடம் வந்து சேர்ந்தார். பாதிக்கப்பட்டது இடது கையும் இடது காலும். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஆகியிருந்தால் தேவலை என்று அவர் மனைவியே சொல்வார். இடது கை விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, நகம் சதையில் பதிந்து கிடந்தது. கால் கழி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நடக்கும்போது அதை இடுப்பிலிருந்து வீசி, அரைவட்டம் போட்டுத்தான் முன்னால் கொண்டுவந்து வைப்பார். பஸ்ஸில் ஏறினால் கால் நடுப்பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும், போகிறவர் வருகிறவரெல்லாம் இடறுவார்கள்.

"ராத்திரியில உதைக்கிறார் டாக்டர். தூக்கத்துல கால் தானா விறைச்சுக்கிட்டு எகிறுது," என்றார் மனைவி. நான் டாக்டர் இல்லை என்று இருவரிடமும் பலமுறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

"கல்யாணமான நாள்லேர்ந்து சேர்த்து வச்சது. இப்பதான் வெளியே வருது," என்றார் சலூன்காரர்.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தசைகளும் சும்மா இருப்பதாக நினைக்கிறோம். அவை இருப்பதில்லை. எந்நேரமும் ஒரு சின்ன இறுக்கத்தில் இருக்கின்றன. அந்த இறுக்கத்தால்தான் தலை கழுத்தின் மேல் நிற்கிறது, தாடை தொங்காமல் இருக்கிறது, நிற்பவன் சரிந்து விழாமல் நிற்கிறான். எழுந்திருப்பதும் நடப்பதும் கையை நீட்டுவதும் அந்த இறுக்கத்தைக் கூட்டிக் குறைத்துத்தான். அதைக் கூட்டவும் குறைக்கவும் மூளையிலிருந்து ஆணை போய்க்கொண்டே இருக்கும். பக்கவாதத்தில் அந்த வழி அறுந்துவிடுகிறது. முதலில் கை கால் துணி மாதிரி தொய்ந்து கிடக்கும். பிறகு போதும் என்று சொல்ல ஆளில்லாமல், தசை தன் பாட்டுக்கு இறுகிக்கொண்டே போகும். அதுதான் விறைப்பு.

அவருக்கு இது சட்டென்று பிடிபட்டது. "நாற்காலியில உக்காந்ததும் சிலபேர் தூங்கிடுவாங்க. முழிச்சிருக்கிற தலையை ஒத்தை விரலால திருப்பலாம். தூங்குற தலை பூசணிக்காய். ரெண்டு கையால தூக்கி வச்சாத்தான் நிக்கும்," என்றார். அதன்பிறகு அவருக்கு நான் எதையும் இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கதையில் ஒரு முடிச்சு உண்டு. நோய் வந்த புதிதில், வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அவர் கடைக்குப் போய் நின்றிருக்கிறார். நின்றவர் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக் கூட்டிவந்த அன்றே மனைவி அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். டாக்டர் சொல்லும்வரை கடையில் நிற்கக்கூடாது. கடையைத் தம்பி பார்த்துக்கொள்வார். சலூன்காரரும் சத்தியம் செய்தார். ஆறேழு மாதம் கட்டிலில் கிடந்தார். அதற்குமேல் முடியவில்லை. மனைவிக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் காலை வேலை. அவர் பஸ் ஏறியதும் தம்பி ஸ்கூட்டரில் வருவார், அண்ணனை ஏற்றிக்கொண்டு போவார். மனைவி திரும்புவதற்குள் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போவார். கடையில் சலூன்காரர் விறைத்த காலைக் கம்பம் மாதிரி ஊன்றி, வலது கையில் மெஷினைப் பிடித்து முடி வெட்டிக்கொண்டிருந்தார். சுருண்டு கிடந்த இடது கையின் கணுக்களால் வாடிக்கையாளரின் தலையைத் தள்ளிச் சாய்த்துக்கொள்வார். பழகியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது.

விறைப்பைக் குறைக்கத் தசையில் போடும் ஊசி ஒன்று இருக்கிறது. போட்ட தசை சில நாளில் தளரும், மூன்று மாதம் போல அப்படியே இருக்கும், பிறகு மெல்லப் பழைய நிலைக்கு வரும். மாடியில் இருக்கும் சின்ன டாக்டர் நிதானமானவர். ஊசியைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"சிலபேருக்கு இந்த விறைப்புதான் ஊன்றுகோல். அதை எடுத்துட்டா கால் மடங்கிடும். அதனால கேக்கிறேன். இந்தக் காலை ஊன்றி ரொம்ப நேரம் நிக்கிற வேலை ஏதாவது செய்றீங்களா?"

"எங்க டாக்டர். கட்டில் உண்டு, நான் உண்டு," என்றார் சலூன்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். கணவரின் சட்டைக் காலரை இரண்டு விரலால் தட்டிவிட்டார். பாசமான மனைவி என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் கைக்கும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் ஊசி போட்டார்.

அடுத்த வாரம் வந்தபோது இடது கை விரிந்திருந்தது. ஒரு வருஷமாக மூடிக் கிடந்த உள்ளங்கை வெளுத்துப்போய், நகம் பதிந்த நான்கு தழும்புகளோடு இருந்தது. அதை அன்று காலையில் சோப்புப் போட்டுக் கழுவியதாக அவர் மனைவி சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலும் மடங்கியது. பஸ்ஸில் மற்றவர்களைப் போலக் காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாராம். நடக்கும்போது மட்டும் ஏதோ மெத்தைமேல் நடப்பது போலிருக்கிறது என்றார். கைத்தடியை விடாதீர்கள், அதிக நேரம் நிற்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டினார்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் விழுந்தார். ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பின்கழுத்தில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது கால் மடக்கு நாற்காலி மாதிரி மடிந்துவிட்டது. பிடிமானத்துக்கு அவர் கையில் இருந்தது மெஷின், எதிரே இருந்தது ஆசிரியரின் தலை. பின்கழுத்திலிருந்து உச்சிவரை ஏர் உழுத மாதிரி ஒரு பாதை விழுந்தது. முழு மொட்டை அடித்துக்கொள்வதைத் தவிர ஆசிரியருக்கு வேறு வழி இருக்கவில்லை. சலூன்காரருக்கு மோவாயில் தையல். தம்பி பயந்துபோய் ஹோட்டலுக்கு போன் செய்தார். அண்ணி வேலை உடுப்போடு வந்து நின்றார். குட்டு உடைந்தது.

மறுநாள் மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். சலூன்காரர் கட்டிலில் உட்கார்ந்து தொடையை ஓங்கி அறைந்தார். "நல்லா இருந்த காலை எடுத்துட்டாங்க டாக்டரம்மா. அது கட்டையோ நெட்டையோ, என்னைத் தாங்கிச்சு. இப்ப இது கால் இல்ல, காத்துப் போன டியூப்."

எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. "டாக்டர் கேட்டாரா இல்லையா? நான் பக்கத்துல நின்னுக்கிட்டுதானே இருந்தேன்?"

"இவ இருந்தா. இவ முன்னாடி எப்படிச் சொல்றது?"

"எனக்குத் தெரியும்," என்றார் மனைவி.

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஹோட்டல்ல வெள்ளை விரிப்புல ஒரு முடி இருந்தாலும் கண்டுபிடிச்சு எடுக்கிற வேலை எனக்கு. இவர் காலர்ல தினமும் பொடிப்பொடியா வெட்டின முடி. ஒருநாள் நரை, ஒருநாள் கருப்பு. இது வீட்டுல படுத்திருக்கிற ஆளோட சட்டையா?"

"தெரிஞ்சும் டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னா சத்தியத்தை மீறினவர்னு எல்லார் முன்னாடியும் ஆயிடும்," என்றார். பிறகு, "அதோட, கட்டில்ல கிடந்தப்போ இவர் பேசறதையே விட்டுட்டார். நான் இருந்து என்ன பிரயோஜனம்னு ஒருநாள் கேட்டார். கடைக்குப் போக ஆரம்பிச்ச பிறகுதான் பழையபடி வாயாடினார், சாப்பாட்டுல குறை சொன்னார். அது போயிடுமேன்னு பயந்தேன்," என்றார்.

சலூன்காரர் அறைவதை நிறுத்திவிட்டார். "மறுபடி கட்டில்ல படுத்தா நான் எழுந்திருக்க மாட்டேன். அது எனக்கே தெரியும்," என்றார். முதல்முறையாக அவர் பேச்சில் கேலி இல்லை.

எனக்கு இந்த இருவரையும் பார்க்கச் சகிக்கவில்லை. ஒருவரை ஒருவர் தாங்குகிறேன் பேர்வழி என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து டாக்டரின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் தொழில் தொழில்தான். உயரக் கட்டிலை ஒட்டித் தரையில் அவரை நிற்கவைத்து, என் முழங்காலை அவர் முழங்காலுக்கு அண்டக் கொடுத்து, தொடையின் மேல் கையை வைத்தேன். விறைப்பு இல்லை, ஊசி அதைத் துடைத்துவிட்டிருந்தது. இத்தனை நாள் விறைப்பு மூடியிருந்ததால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுமே இல்லையென்றால் காத்திருந்து விறைப்பை வரவழைத்து, மறுபடி கம்பத்தின் மேல் நிற்க வேண்டியதுதான். வலது பக்கம் சாயச் சொன்னேன். இடது பக்கம் சாயச் சொன்னேன். இரண்டாவது தடவை சாய்ந்தபோது, என் உள்ளங்கைக்கு அடியில் தசை கொஞ்சம் திரண்டு, உடனே அடங்கியது. பலவீனமானதுதான். ஆனால் அது அவருடையது.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கத்தவில்லை. இனிமேல் கைக்கு மட்டும் ஊசி, காலைத் தொடுவதில்லை என்று எழுதினார். "ஆனா மூணு மாசத்துக்கு விறைப்பு குறுக்கே வராது. அதுக்குள்ள சொந்தப் பலத்தை எழுப்ப முடியுதான்னு பாருங்க," என்றார்.

சலூன்காரருக்கு அதில் நம்பிக்கை இல்லை. காலையில் எழுந்ததும் தொடையைத் தட்டித் தட்டி, விறைப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தார்.

"வாடகைக்கு வந்த ஆள் எப்போ திரும்பி வருவான்னு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க அண்ணே. வீட்டுக்காரர் உள்ளேதான் தூங்கிட்டிருக்கார். அவரை எழுப்புங்க," என்றேன்.

"வாடகைக்காரன் என்னை நிக்க வச்சான் டாக்டரம்மா. வீட்டுக்காரர் விழ வச்சார்."

பயிற்சி கடையிலேயே நடக்கட்டும் என்று முடிவு செய்தோம். என் அறையில் நிற்பது வேறு, வேலை செய்துகொண்டே நிற்பது வேறு. மனைவி ஹோட்டலில் கேட்டுப் பிற்பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். கடையில் கணவரின் இடது பக்கம் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை முழங்காலுக்கு முன்னாலும் இன்னொரு கையைத் தொடை மேலும் வைத்துக்கொள்வார். கால் மடிய வந்தால் தள்ளி நிமிர்த்த வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். விறைப்பு வந்தால் ஒரேயடியாக வரும், கட்டை மாதிரி நிற்கும், அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதற்குக் கவலை இல்லை. சொந்த இறுக்கம் அப்படியில்லை. அவர் கையை நீட்டுவதற்கு ஒரு நொடி முன்பே ஏறும், கை திரும்பியதும் இறங்கும். திடுக்கிட்டாலும் பயந்தாலும் ஒரு துள்ளு துள்ளும்.

முதலில் தம்பியின் தலைதான் கிடைத்தது. பயிற்சிக்காகத் தினமும் வெட்டியதில் தம்பியின் தலையில் வெட்ட ஒன்றுமில்லாமல் போனது. பிறகு பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆண்கள் சலூனில் ஒரு பெண் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நாளில் அவர் இருப்பதே மறந்துபோய் வீட்டுச் சண்டையெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. யார் சட்டை சரியாகத் தேய்க்கப்படவில்லை என்று ஸ்டூலில் இருந்தபடியே சொல்லிவிடுவார். நடுவில் இரண்டு முறை கால் மடிந்தது. இரண்டு முறையும் அவர் தாங்கிக்கொண்டார். வலது மணிக்கட்டு வீங்கி எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததை என்னிடம் மட்டும் காட்டினார்.

மூன்றாம் மாதம் முடியும் தறுவாயில், எனக்கு விடுமுறையாக இருந்த ஒரு காலையில் கடைக்குப் போனேன். நாற்காலியில் தபால்காரர் ஒருவர் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் அவருக்குக் கிருதா சரிசெய்துகொண்டிருந்தார். விரிந்த இடது கை தபால்காரரின் தோளில் கிடந்தது. மனைவி வழக்கம்போல ஸ்டூலில். நான் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சலூன்காரரின் தொடை மேல் என் கையை வைத்தேன்.

நன்றாக இருந்தது. மெஷின் உயரும் முன்னே தசை ஏறியது, தாழ்ந்ததும் இறங்கியது. சாயும்போது திரண்டது, நிமிரும்போது தளர்ந்தது. விறைப்பின் கட்டைத்தனம் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் வேலையைச் செய்தது அது இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் அப்படியொன்று கைக்குக் கீழே ஏறி இறங்கும்போது எனக்கு இன்னமும் சந்தோஷம்தான். அப்போதுதான் மனைவியின் கையைப் பார்த்தேன். அது முழங்காலின் மேல் இருந்தது, ஆனால் தாங்கவில்லை. விரல்கள் தொளதொளவென்று, துணி மடிப்பின் மேல் சும்மா கிடந்தன.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் காதுப் பக்கம் குனிந்தார். "நாலு நாளா பிடிக்கல. சும்மா வச்சிருக்கேன்."

"சொல்லலையா?"

"சொன்னா பயந்து விழுந்துடுவார்."

மறுபடியும் அதே கதை. இந்த முறை நான் விடுவதாக இல்லை. "நீங்களே இப்ப சொல்லுங்க, சத்தமா. விழுந்தா நான் பிடிக்கிறேன்," என்று அவர் காதில் சொன்னேன். ஒரு கையைத் தொடையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சலூன்காரரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அறைக்குள் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனிடம், இத்தனை நேரம் நீ மொட்டைமாடி விளிம்பில் நின்றிருக்கிறாய் என்று சொன்னால் என்ன ஆகும்? மனசுக்கு உறைப்பதற்கு முன்பே தொடை துள்ளும். அந்தத் துள்ளலுக்குத் தயாராக இருந்தேன்.

மனைவி தொண்டையைச் செருமினார். "ஏங்க, நான் உங்களைப் பிடிக்கல. நாலு நாளா நீங்களேதான் நிக்கிறீங்க."

என் கைக்கு அடியில் ஒன்றுமே நடக்கவில்லை. தசை துள்ளவில்லை, இறுகவில்லை, தொய்யவில்லை. மெஷின் மேலே போனது, தசை ஏறியது. மெஷின் இறங்கியது, தசை இறங்கியது. புதிதாக ஒன்றைக் கேட்ட மனிதனின் கால் அப்படி இருக்காது.

"அண்ணே, உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்," என்றேன்.

சலூன்காரர் கண்ணாடியில் தபால்காரரின் இரண்டு கிருதாவையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ கை கனமான கை. நாலு நாளைக்கு முன்னாடி லேசாயிடுச்சு," என்றார்.

மனைவி நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா எழுந்து போயிடுவே."

தபால்காரர் துணிக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தம்பி சீப்பைத் தண்ணீரில் முக்கியவர் அப்படியே நின்றார். எனக்கு இருவரையும் திட்டவேண்டும் போலிருந்தது. இடுப்பு பெல்ட்டைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு எழுந்துகொண்டேன்.

"எங்க போகப்போறேன், ஷிப்டு மத்தியானம்தானே," என்றார் மனைவி.

சலூன்காரர் மறுகிருதாவுக்காக நாற்காலியைச் சுற்றி இடது காலை எடுத்து வைத்தார். அவர் மனைவி ஸ்டூலை இழுத்துக்கொண்டு கூடவே நகர்ந்தார்.